எத்தனை லைக் வாங்கியது உங்கள் ஆராய்ச்சி?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. வரலாற்று வாத்தியார் சுருக்கமாகப் பேசமாட்டார் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

ஒரு கேள்வியில் தொடங்குகிறேன். ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை நல்லதா, சுமாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? படித்துப் பார்த்துத்தான் என்று சொல்வீர்கள். சரியான விடை, முழு மதிப்பெண். ஆனால் உலகத்தில் ஓர் ஆண்டில் வெளியாகும் ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல லட்சம். வேலைக்கு ஆள் எடுப்பவர், நிதி கொடுப்பவர், பதவி உயர்வுக் கோப்பில் கையெழுத்துப் போடுபவர், இவர்கள் யாராலும் எல்லாவற்றையும் படிக்க முடியாது. பல நேரம் படிக்க விருப்பமும் இருப்பதில்லை. ஆகவே படிக்காமலே மதிப்பிட ஓர் எண் தேவைப்படுகிறது.

அந்த எண்ணைத் தேடி மனிதர்கள் அலைந்த கதைக்கு ஏறக்குறைய நூறு வயது. அதன் புதிய அத்தியாயம் சமூக ஊடகம். ஒரு கட்டுரையை எத்தனை பேர் ட்வீட் செய்தார்கள், எத்தனை வலைப்பதிவுகளில் எழுதினார்கள், முகநூலில் எத்தனை முறை பகிர்ந்தார்கள் என்று எண்ணி, அதுதான் ஆராய்ச்சியின் தாக்கம் என்று சொல்வது. இதற்கு ஆல்ட்மெட்ரிக்ஸ் என்று பெயர். தமிழில் மாற்று அளவீடுகள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த நூறாண்டுக் கதையில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. தேடுகிறவனுக்கு உதவுவதற்காகப் பிறக்கும் எண், கொஞ்ச காலத்தில் தீர்ப்பு சொல்லும் எண்ணாக மாறிவிடுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

ஆராய்ச்சி இதழ்கள் பிறந்தது 1665இல். அந்த ஆண்டு ஜனவரியில் பாரிஸில் ஓர் இதழ் தொடங்கியது, மார்ச் மாதம் லண்டனில் இன்னொன்று. லண்டன் இதழின் பெயர் ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’. நடத்தியவர் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க். அதற்கு முன்பு ஐரோப்பிய அறிஞர்கள் தாங்கள் கண்டறிந்ததை ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித்தான் தெரிவித்துக்கொண்டார்கள். அந்தக் கடிதப் போக்குவரத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓல்டன்பர்க். அன்றைக்கு எழுதுபவர்களும் சிலர், படிப்பவர்களும் சிலர். யார் எழுதியது தேறும், யார் எழுதியது தேறாது என்று அந்த வட்டத்துக்குத் தெரியும். எண்ண வேண்டிய அவசியமே இல்லை.

எண்ண வேண்டிய அவசியம் வந்தது இதழ்கள் பெருகி, நூலகத்தின் பணப்பை பெருகாமல் போனபோது. 1927ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவில் பொமோனா கல்லூரி. சிறிய கல்லூரி. அங்கிருந்த கிராஸ் என்ற ஒரே குடும்பப்பெயர் கொண்ட இருவருக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். எல்லா வேதியியல் இதழ்களையும் வாங்கப் பணம் கிடையாது, எவற்றை வாங்குவது? அவர்கள் ஓர் எளிய வேலை செய்தார்கள். அமெரிக்க வேதியியல் கழகத்தின் இதழில் 1926இல் வந்த கட்டுரைகளை எடுத்து, அவற்றின் அடிக்குறிப்புகளில் எந்தெந்த இதழ்கள் சுட்டப்பட்டிருக்கின்றன என்று எண்ணினார்கள். மொத்தம் 3,633 மேற்கோள்கள். அடிக்கடி சுட்டப்படும் இதழை வாங்கினால் மாணவர்களுக்குப் பயன்படும் என்பது கணக்கு. ஜெர்மன் இதழ்கள் நிறைய வந்ததால், வேதியியல் மாணவர்கள் ஜெர்மன் மொழி படிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்து தெரிந்தது.

கவனியுங்கள், அந்த எண்ணிக்கை யாருடைய வேலைக்கும் தீர்ப்பு எழுதவில்லை. நூலக அலமாரியில் எதை வைக்கலாம் என்பதற்கான யோசனை, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம்மூர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் இன்றும் உலகமெங்கும் பாடம். 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு நூலக மாநாட்டில் ‘லைப்ரமெட்ரி’ என்ற சொல்லை அவர் முன்வைத்தார். உயிரியலுக்கும் பொருளியலுக்கும் கணிதம் துணைக்கு வந்ததுபோல நூலகத்துக்கும் வரவேண்டும் என்பது கருத்து. இன்று உலகம் பயன்படுத்தும் ‘பிப்ளியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல் ஆங்கிலத்தில் 1969இல்தான் வந்தது. நம் கணித வாத்தியார் இருபத்தோரு ஆண்டுகள் முன்னால் நின்றார். அவர் எண்ணச் சொன்னதும் வாசகனுக்கு நூலகம் நன்றாகப் பயன்படவேண்டும் என்பதற்காகத்தான்.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில், சிங்கப்பூரின் ராஃபிள்ஸ் கல்லூரியில் டெரெக் டி சோலா பிரைஸ் என்ற ஆங்கிலேய இளைஞர் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தார். கல்லூரி நூலகக் கட்டடம் தயாராகவில்லை. ஓல்டன்பர்க் தொடங்கினாரே, அந்த இதழின் பழைய தொகுதிகளைப் பாதுகாக்க இவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துச் சுவரோரம் அடுக்கினார். அடுக்கைப் பார்த்தவருக்கு ஆச்சரியம். ஒவ்வொரு அடுக்கும் முந்தைய அடுக்கைவிட உயரம். உயரங்களைக் கோடு போட்டு இணைத்தால், மெதுவாகத் தொடங்கி விர்ரென்று மேலே போகும் வளைவு. அறிவியல் எழுத்து எந்த வேகத்தில் பெருகுகிறது என்பதைப் படுக்கையறைச் சுவரில் பார்த்த மனிதர் அவர். 1963இல் வெளிவந்த அவருடைய ‘லிட்டில் சயன்ஸ், பிக் சயன்ஸ்’ நூலுக்கு விதை அங்கே விழுந்தது.

இனி நம் கதையின் நாயகர். யூஜின் கார்ஃபீல்ட், அமெரிக்கர். வழக்கறிஞர்களிடம் ஒரு பழைய பழக்கம் உண்டு. ஒரு தீர்ப்பை எடுத்துக்காட்டி வாதாடும் முன், அந்தத் தீர்ப்பைப் பின்னால் வந்த தீர்ப்புகள் ஏற்றனவா, தள்ளினவா என்று பார்ப்பார்கள். அதற்காகவே அமெரிக்காவில் 1873 முதல் ‘ஷெப்பர்ட்’ அடைவுகள் இருந்தன. அதேபோல அறிவியலுக்கும் ஓர் அடைவு வேண்டும் என்று 1955இல் ‘சயன்ஸ்’ இதழில் கார்ஃபீல்ட் எழுதினார். ஒரு கட்டுரையை எடுத்தால் அதற்குப் பின்னால் அதைச் சுட்டிய எல்லாக் கட்டுரைகளும் கிடைக்க வேண்டும். எதற்கு? தவறான, காலாவதியான ஆய்வை யாரும் தெரியாமல் எடுத்து ஆளக்கூடாது, அதன்மேல் வந்த விமர்சனங்கள் கண்ணில் படவேண்டும் என்பதற்காக.

அவருடைய தொடக்ககால அலுவலகம் நியூ ஜெர்சியில் ஒரு கோழிக்கூண்டாக இருந்த கொட்டகை. 1960இல் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவனமாக வளர்ந்தது. 1961ஆம் ஆண்டுக்கான முதல் அடைவு ஐந்து தொகுதிகள். அதில் 613 இதழ்கள், 14 லட்சம் மேற்கோள்கள். அடைவில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று முடிவுசெய்ய ஒரு சின்னக் கணக்கும் வைத்துக்கொண்டார்கள். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், இந்த ஆண்டில் எத்தனை முறை சுட்டப்பட்டன என்று எண்ணி, அந்த இரண்டாண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. அதுதான் புகழ்பெற்ற ‘இம்பாக்ட் ஃபாக்டர்’. 1975 முதல் இந்த எண்கள் ஆண்டறிக்கையாகவே வரத் தொடங்கின.

அதன்பின் நடந்தது உங்களுக்குத் தெரியும். இதழுக்குப் போட்ட எண்ணைத் தூக்கி மனிதர்களின் நெற்றியில் ஒட்டினார்கள். எந்த இதழில் எழுதினாய், அதன் எண் என்ன என்று கேட்டு வேலை கொடுத்தார்கள், நிதி கொடுத்தார்கள். ஒரு வகுப்பின் சராசரி 70 என்பதால், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் உட்பட எல்லாருக்கும் 70 போடலாமா? போட்டார்கள். பின்னாளில் கார்ஃபீல்டே இந்த எண்ணை அணுசக்தியோடு ஒப்பிட்டு, இதில் நன்மையும் கேடும் கலந்திருக்கிறது என்று எழுதினார்.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் இன்னொரு எண்ணைக் கொடுத்தார், எச்-இண்டெக்ஸ். ஒருவருடைய கட்டுரைகளில் பத்துக் கட்டுரைகள் தலா பத்து முறையாவது சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது சுட்டப்பட்டிருந்தால் 20. வேலைத் தேர்வுக் குழுக்களுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

நம் நாட்டிலும் 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்குக் கட்டுரைகளை எண்ணிப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தது. கட்டுரைக்குப் புள்ளி என்றதும் காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதம் அந்தக் குழுவே தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க வேண்டியதாயிற்று.

இப்படி ஒரு பின்னணியில்தான் 2010 செப்டம்பரில் ஜேசன் பிரியம் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு ட்வீட் போட்டார். வட கரோலினாவில் நூலக அறிவியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவர். ஆல்ட்மெட்ரிக்ஸ் என்ற சொல் அந்த ட்வீட்டில்தான் பிறந்தது. அடுத்த மாதம் 26ஆம் தேதி, இன்னும் மூவரோடு சேர்ந்து ஓர் அறிக்கையாகவே வெளியிட்டார்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதை மறைக்கக்கூடாது. ஒரு கட்டுரையை இன்னொருவர் படித்து, ஆய்வு செய்து, எழுதி, அது அச்சாகி மேற்கோளாக வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆராய்ச்சியைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லாரும் கட்டுரை எழுதுகிறவர்களும் அல்ல. ஒரு செவிலியர் புண் ஆற்றும் முறை பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு வார்டில் தன் வேலையை மாற்றிக்கொள்கிறார். ஒரு பள்ளி ஆசிரியர் கற்றல் குறைபாடு பற்றிய கட்டுரையைப் படித்து ஒரு பிள்ளையின் மேல் கோபப்படுவதை நிறுத்துகிறார். இவர்கள் எந்த அடிக்குறிப்பிலும் வரமாட்டார்கள். ஆனால் இணையத்தில் இவர்கள் பேசுகிறார்கள், பகிர்கிறார்கள், சேமித்து வைக்கிறார்கள். அந்தத் தடங்களையும் பார்க்கலாமே என்றார்கள். எது படிக்கத் தகுந்தது என்று வடிகட்டித் தேட அது உதவும் என்றார்கள். மறுபடியும் தேடுகிறவனுக்கு உதவி!

அந்த அறிக்கை வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2010 டிசம்பர் 2ஆம் தேதி நாசா செய்தியாளர்களைக் கூட்டியது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியில் எடுத்த ஒரு பாக்டீரியா, பாஸ்பரஸுக்குப் பதில் ஆர்சனிக்கைத் தன் மரபணுப் பொருளில் சேர்த்துக்கொண்டு வாழ்கிறது என்று ‘சயன்ஸ்’ இதழில் கட்டுரை. உயிர் என்பதன் இலக்கணத்தையே மாற்றும் செய்தி. உலகமே பேசியது. இரண்டே நாளில் கனடாவின் நுண்ணுயிரியலாளர் ரோஸி ரெட்ஃபீல்ட் தன் வலைப்பதிவில் அந்தச் சோதனையின் ஓட்டைகளை வரிசையாக எழுதினார். ட்விட்டரில் விவாதம் பற்றிக்கொண்டது. விமர்சனத்தை வலைப்பதிவில் அல்ல, முறைப்படி இதழ்களில் எழுதட்டும் என்பது எதிர்த்தரப்பின் பதில். விமர்சனம் நிற்கவில்லை. 2012இல் ரெட்ஃபீல்ட் உள்ளிட்டோர் செய்த மறுசோதனைகள் அதே ‘சயன்ஸ்’ இதழில் வந்தன. ஆர்சனிக் அங்கே இல்லை. 2025 ஜூலையில், எழுதியவர்கள் மறுத்தும், இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

இதில் சமூக ஊடகம் அறிவியலுக்கு நல்லது செய்ததா? சந்தேகமில்லாமல் செய்தது. ஆனால் எது நல்லது செய்தது? ரெட்ஃபீல்ட் எழுதிய வாதம். அந்தக் கட்டுரை எத்தனை முறை ட்வீட் செய்யப்பட்டது என்ற எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் அந்த ஆண்டின் மகத்தான கண்டுபிடிப்பு அதுதான். பாராட்டும் ஒன்று, ஏச்சும் ஒன்று. எண்ணும் கருவிக்கு வேறுபாடு தெரியாது.

கருவியும் சீக்கிரம் வந்தது. 2011இல் லண்டனில் யூவன் ஏடி தொடங்கிய ‘ஆல்ட்மெட்ரிக்’ என்ற நிறுவனம், ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் வண்ண வளையம் ஒன்றைப் போட்டது. நடுவில் ஓர் எண். தொடக்க ஆண்டுகளில் ஒரு செய்தித்தாள் குறிப்புக்கு 8, வலைப்பதிவுக்கு 5, ட்வீட்டுக்கு 1, முகநூல் பகிர்வுக்கு 0.25 என்று எடை. நான் எழுதும் இந்தப் பதிவுக்கு அந்தக் கால் புள்ளிகூடக் கிடையாது. முகநூலில் தனி மனிதர்களின் பக்கங்களை அது கணக்கில் எடுப்பதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் ஓடுவதை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது. நம் ஊரில் ஒரு செய்தி எங்கே பரவுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ட்வீட் எண்ணிக்கைக்கும் ஆராய்ச்சியின் மதிப்புக்கும் தொடர்பு உண்டா? 2011இல் ஐசென்பாக் என்பவர் தான் நடத்தும் மருத்துவ இதழின் 55 கட்டுரைகளை ஆராய்ந்தார். அதிகம் ட்வீட் செய்யப்பட்ட 12 கட்டுரைகளில் 9 பின்னாளில் அதிகம் மேற்கோள் பெற்றன என்றார். பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனால் அது ஓர் இதழ், அதுவும் இணைய மருத்துவம் பற்றிய இதழ். படிப்பவர்கள் எல்லாம் ஏற்கெனவே ட்விட்டரில் இருப்பவர்கள். 2014இல் ஸ்டெஃபனி ஹாஸ்டைனும் குழுவினரும் 2010 முதல் 2012 வரை வந்த 14 லட்சம் உயிர்மருத்துவக் கட்டுரைகளைப் பார்த்தார்கள். பத்து விழுக்காட்டுக்கும் குறைவானவைதான் ஒருமுறையாவது ட்வீட் செய்யப்பட்டிருந்தன. ட்வீட்டுக்கும் மேற்கோளுக்கும் இருந்த தொடர்பு மிக மெலிது.

பிறகு சோதனையாகவே செய்து பார்த்தார்கள். 112 கட்டுரைகளில் பாதியை மட்டும் ட்வீட் செய்த ஒரு மருத்துவக் குழு, அவற்றுக்கு மேற்கோள் கூடியது என்று 2020இல் சொன்னது. 110 கட்டுரைகளை வைத்து மூன்று ஆண்டுகள் கவனித்த வேறொரு குழு, அப்படி எந்தக் கூடுதலும் தெரியவில்லை என்று 2024இல் சொன்னது. தேர்வுத்தாளைத் திருத்துகிறவர் மாறினால் மதிப்பெண் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே விடையே தலைகீழாக மாறுகிறது.

எதுதான் அதிக எண்ணிக்கை பெறுகிறது? 2016இல் அந்த நிறுவனத்தின் பட்டியலில் முதலிடம் பெற்ற கட்டுரையை எழுதியவர் பராக் ஒபாமா, அப்போதைய அமெரிக்க அதிபர். 2014இல் மீன்களைப் பற்றிய ஒரு கட்டுரை உலகப் புகழ் பெற்றது. காரணம், அந்த மட்டமான கட்டுரையையும் இங்கே சுட்ட வேண்டுமா என்று எழுதியவர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட குறிப்பை நீக்க மறந்து அப்படியே அச்சேற்றிவிட்டார்கள். 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவு வரைந்த கோமாளித்தனமான எலிப்படத்தோடு ஒரு கட்டுரை வந்தது. ஊர் சிரித்த சிரிப்பில் மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்கள். இவை எல்லாவற்றுக்கும் எண் உண்டு, வளையம் உண்டு.

சிரித்துவிட்டுப் போக முடியாதவையும் உண்டு. 2020 மார்ச் 20, கொரோனாவின் தொடக்கம். பிரான்சின் மார்செய் நகரிலிருந்து 36 நோயாளிகளை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு. ஹைட்ராக்சி குளோரோகுயின் மாத்திரை பலன் தருகிறது என்றது. மறுநாளே அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தைப் புகழ்ந்து ட்வீட் போட்டார். உலகமெங்கும் மாத்திரைக்கு அலைமோதினார்கள். மூட்டு நோய்க்கும் லூபஸ் நோய்க்கும் அதை நம்பி வாழ்பவர்களுக்குக் கிடைக்காமல் போனது. பெரிய அளவில் நடந்த சோதனைகள் கொரோனாவுக்கு அது பலன் தரவில்லை என்று காட்டின. 2024 டிசம்பரில் அந்தக் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. நான்கரை ஆண்டுக்கும் மேல்! தாக்கம் என்ற சொல்லை அகராதிப்படி எடுத்தால் அதைவிடத் தாக்கம் ஏற்படுத்திய கட்டுரை அரிது. புயலுக்கும் தாக்கம் உண்டு.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். காடலின் காரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்ஆர்என்ஏ பற்றிய தங்கள் முக்கியமான கட்டுரையை 2005இல் வெளியிட்டார்கள். பெரிய வரவேற்பு இல்லை. அதற்குப் பத்தாண்டு முன்பே ஆராய்ச்சிக்கு நிதி கிடைக்காமல் காரிகோ பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டிருந்தார். பதினைந்து ஆண்டு கழித்துக் கோடிக்கணக்கான கைகளில் ஏறிய தடுப்பூசிக்கு அந்த வேலைதான் அடிப்படை. 2023இல் நோபல் பரிசு. அன்றைக்கு எந்த எண்ணைக் கொண்டு அளந்திருந்தாலும் அவர் தேறியிருக்கமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் என்பதால் இது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. தேர்ச்சி விழுக்காடு என்ற எண்ணும் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். எந்தப் பள்ளிக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க உதவும். அதுவே பள்ளியின் மானம் ஆனபோது என்ன நடந்தது? தேறமாட்டான் என்று தோன்றும் பிள்ளையை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தினார்கள். பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தூக்கி எறிந்துவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தார்கள். அதைத் தடுக்க 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைக்க நேர்ந்தது. இங்கிலாந்தின் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட் 1975இல் பணக் கொள்கை பற்றி எழுதும்போது இதே இயல்பைச் சொன்னார். ஓர் அளவை வைத்து மனிதர்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அந்த அளவு பொய்க்கத் தொடங்கும். அவர் பெயராலேயே அது குட்ஹார்ட் விதி ஆயிற்று.

என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பெண் ஒருவர் இப்போது குளத்துப் பாசிகளை ஆராய்கிறார். சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசினார். ஒரு வேலைக்கான விண்ணப்பத்தில், கட்டுரைகளுக்குச் சமூக ஊடகத்தில் கிடைத்த கவனம் என்று ஒரு கட்டம் இருந்ததாம். “சார், பாசியைப் பத்தி யார் சார் ட்வீட் போடுவாங்க?” என்று சிரித்தார். கொஞ்சம் பொறுத்து, “யானை, புலின்னு ஏதாவது மாத்திக்கலாமான்னு யோசிக்கிறேன் சார்” என்றார். அப்போது சிரிக்கவில்லை.

பாசிகளை அறிந்த ஆட்கள் அதிகம் இல்லை. குளத்துத் தண்ணீர் ஏன் பச்சையாகிறது, எப்போது அது கால்நடைக்கு நஞ்சாகும் என்பதைச் சொல்ல அவர்கள்தான் வேண்டும். ஓர் எண்ணுக்காக அவர் துறை மாறினால் எந்த அறிக்கையிலும் அது இழப்பாகப் பதிவாகாது. நடக்காத ஆராய்ச்சிக்கு வளையம் போடும் கருவி இல்லை.

தமிழில் ஆராய்கிறவர்கள் நிலை இன்னும் மோசம். இந்தக் கருவிகள் பெரும்பாலும் டி.ஓ.ஐ. என்ற அடையாள எண்ணை வைத்துத்தான் ஒரு கட்டுரையைப் பின்தொடர்கின்றன. தமிழ்ச் சிற்றிதழில் வந்த கட்டுரைக்கும், மாவட்டத் தொல்லியல் ஆர்வலர் அச்சிட்ட கல்வெட்டு நூலுக்கும் அந்த எண் இராது. ஐராவதம் மகாதேவன் 1960களில் புகளூர்க் கல்வெட்டைப் படித்ததில் தொடங்கி, தமிழ்-பிராமி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டது 2003இல். நாற்பது ஆண்டு உழைப்பு. அந்த நாற்பது ஆண்டும் வாராவாரம் எண் காட்டு என்று யாராவது கேட்டிருந்தால் நமக்கு அந்த நூல் கிடைத்திருக்குமா?

கடைசியாக ஒன்று. தராசு யார் கையில் இருக்கிறது? 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கினார். அடுத்த ஆண்டே ஆய்வாளர்கள் இலவசமாகத் தரவு எடுத்த வழிகள் அடைபட்டன, தளத்தின் பெயரும் எக்ஸ் ஆனது. அறிவியலாளர்கள் பலர் வெளியேறினார்கள். பத்தாண்டுக்கு மேல் ட்வீட்டை அலகாக வைத்துக் கட்டிய அளவுமுறை ஒரே ஆளின் முடிவில் ஆட்டம் கண்டது. அலமாரி அடிக்குறிப்புகளை எவரும் எண்ணலாம். இந்தக் கணக்குப் புத்தகம் தனியார் பெட்டிக்குள் இருக்கிறது. ஆல்ட்மெட்ரிக்ஸ் என்று பெயர் வைத்த ஜேசன் பிரியம் பின்னர் தன் குழுவோடு சேர்ந்து 2022இல் தொடங்கியது, உலகத்தின் ஆராய்ச்சி எழுத்துகளை எவரும் இலவசமாகத் தேடும் ‘ஓபன்அலெக்ஸ்’ என்ற அடைவு. தேட உதவும் வேலைக்கே அவர் திரும்பிப் போனதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2013இல் வெளியான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனமும், 2015இல் பத்து விதிகளோடு வந்த லைடன் அறிக்கையும் எண்களைத் தடைசெய்யவில்லை. ஆளை மதிப்பிடும்போது இதழின் எண்ணை அவர் தலையில் வைக்காதே, எண் துணைக்கு இருக்கட்டும், முடிவை அறிந்தவர்கள் படித்து எடுக்கட்டும் என்கின்றன. சமூக ஊடக எண்ணுக்கும் அதுவே பொருந்தும். ஒரு கட்டுரைக்கு 500 என்று வளையம் காட்டினால் அது தீர்ப்பு அல்ல, அங்கே ஏதோ கூட்டம் கூடியிருக்கிறது என்ற தகவல். கூட்டம் திருவிழாவுக்கும் கூடும், விபத்துக்கும் கூடும். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று பேராசிரியர்களாகத் தேர்வுக் குழுக்களில் உட்காருகிறீர்கள். உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த நேர்காணலுக்குப் போகும் முன், ஒவ்வொரு விண்ணப்பதாரரும் எழுதியதில் ஒரே ஒரு கட்டுரையையாவது முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுப் போங்கள். அவரிடம் அதிலிருந்து ஒரு கேள்வி கேளுங்கள். எண்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.